மூக்குத்தியைத் தொட்டா சிரிக்கணும்

உக்காருங்கம்மா, உக்காருங்க. காலி சீட்டுதான். என் சீட்டுலதான் 'விருந்தினர்'னு ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு, நான்தான் கிழிச்சுப் பையில போட்டுக்கிட்டேன். பின்ன? நான் விருந்தாளி இல்லாம இங்க வேற யாரு விருந்தாளி? எண்பது தாண்டினவளைக் கையைப் பிடிச்சு எழுப்புற தைரியம் எவனுக்கு இருக்குன்னு பாக்குறேன்.

நீங்களும் அவளைப் பாக்கத்தான் வந்தீங்களா? உங்க அம்மாவுக்கு அவ டான்ஸுன்னா உசுரா? அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. "குமாரி வசந்தமாலாவுக்குப் பாராட்டு விழா"ன்னு சுவரெல்லாம் போஸ்டர். வடபழனியில நான் பால் வாங்குற கடைக்கு எதிர்லயே ஒட்டியிருக்கான். அதைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். அழைப்பு கிழைப்பு ஒண்ணும் வரல. கூடப் பிறந்த அக்காவுக்கு போஸ்டர்தான் அழைப்பு.

என்ன அப்படிப் பாக்குறீங்க? சத்தியமா அக்காதான். அவ வந்ததும் மூக்கைப் பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அவ நிஜப் பேரு குஞ்சிதம். வீட்ல குஞ்சு. வசந்தமாலாங்கிறது ஸ்டூடியோ முதலாளி வச்ச பேரு. நான் அம்சவேணி. இந்தப் பேரை எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லைல்ல. அதுக்குத்தான் வந்திருக்கேன்.

அவ மேடை ஏறிப் பேசி எத்தனையோ வருஷமாச்சு. இன்னைக்குப் பேசப் போறாளாம். அந்தப் பேச்சுல ஒரே ஒரு தடவை "எங்க அக்கா"ன்னு அவ வாயால வரணும். பேரு கூட வேண்டாம். சபையில நாலு பேர் காதுல விழணும், அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். அவ கொடுக்குற காப்பி கூட எனக்கு வேண்டாம்.

நாங்க புதுக்கோட்டைப் பக்கம். அப்பா நாடகக் கம்பெனியில ஆர்மோனியம். அம்மா சாகும்போது குஞ்சு இடுப்புக் குழந்தை. அவளைத் தூக்கி வளத்தது நான். ஆட்டம் முதல்ல கத்துக்கிட்டதும் நான்தான். மெட்ராஸ் வந்து ஸ்டூடியோவுல குரூப் டான்ஸ்ல சேந்தேன். பின்வரிசை. பின்வரிசைன்னா என்ன தெரியுமா? குடம் தூக்குவோம், பூத்தட்டு தூக்குவோம், ஹீரோயின் வந்ததும் திரும்பிக்குவோம். படத்துல முதுகுதான் வரும். என் முதுகு எத்தனை படத்துல வந்திருக்குன்னு எனக்கே கணக்கில்ல.

ஒரு நாள் வீட்ல விட ஆளில்லாம குஞ்சுவையும் கூட்டிட்டுப் போனேன். டான்ஸ் மாஸ்டர் வரதப்பன். நாங்க ஆடுறோம், இவ ஓரத்துல நின்னு என்னைப் பாத்து அப்படியே ஆடிக்கிட்டிருந்திருக்கா. நான் சொல்லிக் கொடுத்த ஆட்டம்தான், என் கை, என் கால். மாஸ்டர் என்னைப் பாக்கல. "யாருய்யா அந்தக் குட்டி?"ன்னாரு. அன்னைக்கோட என் முதுகுக்கு வேலை போச்சு.

வருத்தம் என்னம்மா வருத்தம்? தங்கச்சிதானே.

அந்தக் காலத்துல நடிகைன்னா கூடவே அம்மா வருவாங்க. காமெரா பக்கத்துல ஸ்டூல் போட்டு ஃபிளாஸ்க்கோட உக்காந்திருப்பாங்க. கால்ஷீட் கேட்டாலும் அம்மாவைத்தான் கேக்கணும், பொண்ணுக்குப் பசிக்குதான்னாலும் அம்மாவைத்தான் கேக்கணும். குஞ்சுவுக்கு அம்மா நான்தான். ஆனா மத்த அம்மாக்கள் மாதிரி வெத்தலையைக் குதப்பிக்கிட்டு ஊர்வம்பு பேசுறவ இல்ல நான். ஸ்டூலே வேண்டாம்னுட்டேன். நின்னேன். அவளுக்கு இடக்கைப் பக்கம், காமெராவை ஒட்டி. ஷாட்டு ஆரம்பிச்சா என் கை பேசும். மூக்குத்தியைத் தொட்டா சிரிக்கணும். காதைத் தொட்டா இடுப்பை அடக்கணும். கையை மூடினா, மூச்சு வாங்குறது வெளியில தெரியக் கூடாது. மாஸ்டர் முன்னாடி நின்னு ஆடிக் காட்டுவாரு, ஆனா அவ பாக்குறது என் கையைத்தான். தப்புப் பண்ணினா வீட்டுக்கு வந்து தொடையில ஒரு கிள்ளு. முகத்துல கை வைக்க மாட்டேன், அது சோறு போடுற முகம். அடிக்கிற கைதானேம்மா அணைக்கும்.

உடம்புதான் அவளுக்குக் கொஞ்சம் சரியில்ல. குளிர் உடம்பு. அத்தனை லைட்டு எரியும், மேக்கப் உருகி ஓடும், லைட்டு புடிக்கிறவன் சட்டையைக் கழட்டிட்டு நிப்பான், இவளுக்குக் கை நடுங்கும். ஷாட்டு முடிஞ்சதும் ஓடிப்போய் சால்வையைப் போத்துவேன். நான் போத்தினா இன்னும் நடுங்குவா. டாக்டர்கிட்டக் காட்டினேன், ரத்தம் கம்மின்னாரு. ஈரல் சூப்பு வச்சுக் கொடுத்தேன். அதையெல்லாம் யாரு இன்னைக்கு நினைச்சுப் பாக்குறா?

இருங்க, லைட்டை அணைக்குறான். அவ படம் ஏதோ போடுறான் போல. ஆங், பாத்தீங்களா! இது கருப்பு வெள்ளையில அவ ஆடின கடைசிப் படம். கண்ணைப் பாருங்க, கண்ணை. ஆடிக்கிட்டே சட்டுன்னு ஒரு பக்கமா சாயுது பாருங்க. கை தட்டுறாங்க கேளுங்க. இதுக்குத்தான் ஊரே பைத்தியமா அலைஞ்சுது. கடைக்கண் வசந்தமாலான்னு பத்திரிகையில எழுதினான். காலேஜ் பசங்க தியேட்டர்ல அந்த இடம் வந்தா எந்திரிச்சு நிப்பாங்க. அந்தப் பார்வை யாரைப் பாக்குது தெரியுமா? என்னை. இந்த ஷாட்டுலயும் நான் அங்கதான் நிக்கிறேன், பச்சைச் சேலை. உங்களுக்குத் தெரியாது, ஆனா நான் அங்கதான் இருக்கேன். இப்போ மூக்குத்தியைத் தொடுறேன். பாருங்க... சிரிச்சாளா? சிரிச்சாளா இல்லையா?

அந்தப் பார்வை என்னோடது. அதைச் சொல்லணுமா வேண்டாமா நீங்களே சொல்லுங்க.

இன்னொரு கதை இருக்கு. எந்தப் பத்திரிகையிலயும் வராத கதை. அமெரிக்காக்காரன் வந்தான். ஹாலிவுட். அங்கயும் நம்மளை மாதிரியே பாட்டும் டான்ஸுமா படம் எடுக்குற கம்பெனி ஒண்ணு, ஒரு கதைக்கு நம்ம ஊரு ஆட்டக்காரி வேணும்னு தேடிக்கிட்டு வந்திருந்தான். கோடம்பாக்கத்துல ஆடத் தெரிஞ்ச அத்தனை பேரும் வரிசையில நின்னாளுங்க. குஞ்சுவையும் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாங்க. தேவசகாயம்னு ஒருத்தரு, ப்ரொடக்ஷன் மேனேஜர், அவருதான் அவன் பேசுறதைத் தமிழ்ல சொல்றது. டைரக்டர் நெட்டையா இருந்தான், நம்ம வெயில்ல நெத்தியெல்லாம் தோலுரிஞ்சு பாவமா இருந்தான்.

குஞ்சு ஆடினா. அவன் நிறுத்தினான். கண்ணாடிக்குள்ள நேரா பாருன்னான். காமெரா கண்ணாடியைச் சொல்றான். திரும்ப ஆடினா, திரும்ப நிறுத்தினான். அவளுக்குக் கண்ணு தானா என் பக்கம் வருது, நான் என்ன செய்ய? அப்புறம் அவன் அவ பாக்குற திசையைப் பாத்தான். பாத்தா நான் நிக்கிறேன். நேரா என்கிட்ட வந்தான். நம்ம ஊரு மாதிரி கையெடுத்துக் கும்பிட்டான். தேவசகாயம் சொல்றாரு, "அம்மா, கொஞ்ச நேரம் வெளியில இருக்கணுமாம்." என்னை! வெளியில!

போனேன். கதவைச் சாத்திட்டான். பெரிய கதவு, பாட்டுச் சத்தம் கூட மெல்லிசாத்தான் கேக்கும். சிகப்பு லைட்டு எரியுது. கேன்டீன்காரன் "என்னக்கா, நீங்க வெளியில?"ன்னு கேக்குறான். தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்துச்சு. என் கை இல்லாம உள்ள அவ என்னத்தைக் கிழிப்பா, இப்போ நிறுத்துவான், இப்போ கூப்பிடுவான்னு நிக்கிறேன். பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தவே இல்ல. முடிஞ்சப்புறம் உள்ளே கைதட்டுறாங்க. லைட்டுக்காரங்கல்லாம் தட்டுறாங்கம்மா. அவங்க எவளுக்கும் தட்ட மாட்டாங்க.

கதவைத் திறந்துக்கிட்டு ஓடி வந்தா. வேர்த்து ஊத்துது. அப்படி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. ஈறு தெரியச் சிரிக்கிறா. "அக்கா, நேரா பாத்தேன்கா! முழுசா நேரா பாத்தேன்!"னு என்னைக் கட்டிப் பிடிக்கிறா. "பல்லை மூடு, அசிங்கமா இருக்கு"ன்னேன். சால்வையைப் போத்தினேன். நடுக்கம் அன்னைக்கு அப்போதான் வந்துச்சு.

மறுநாள் தேவசகாயம் வீட்டுக்கு வந்தாரு. குஞ்சு தலைக்குக் குளிச்சுக்கிட்டிருந்தா. "அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சும்மா. இந்தப் படம் மட்டுமில்ல, அங்கேயே வச்சுப் பாட்டு, டான்ஸ் எல்லாம் பழக்கி மேல மேல படம் தர்றாங்களாம். பொண்ணைப் பாத்துக்க அங்க ஒரு அம்மா இருக்காங்க. நீங்க வர வேண்டியதில்ல"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, எனக்கு ஏதோ நல்லது பண்ற மாதிரி. வர வேண்டியதில்லையாம். பெத்தவ மாதிரி வளத்தவளுக்கு அங்க வேலையில்லையாம்.

நான் யோசிச்சேன். யோசிக்காம எதையும் செய்யுறவ இல்ல நான். ஐஸு கொட்டுற ஊரு, இவளோ குளிர் உடம்பு. பாஷை தெரியாது. என் கை இல்லாம எத்தனை நாளைக்கு ஆடுவா? அங்க போய் அசிங்கப்படுறதுக்கு இங்கயே ராணி மாதிரி இருக்கட்டுமே. "அவளுக்கு இஷ்டமில்லைங்க. ராத்திரியெல்லாம் அழுதா"ன்னேன். அவரு நம்பிட்டாரு. நம்பாம? பொண்ணைப் பத்தி அம்மா சொல்றதுதானே கோடம்பாக்கத்துல பேச்சு? ஒருத்தனாவது உள்ள வந்து பொண்ணைக் கேட்டதுண்டா?

தலையைத் துவட்டிக்கிட்டு வந்து குஞ்சு கேட்டா, "யாருக்கா வந்தது? அவங்களா?" அவ மனசு நோகக் கூடாதேன்னு மெதுவாத்தான் சொன்னேன். "அவங்களுக்குப் பிடிக்கலையாம்டி. கண்ணு நல்லால்லையாம்." அவ கிணத்தடிக்குப் போயிட்டா. திரும்பத் திரும்ப முகத்தைக் கழுவிக்கிட்டே இருந்தா. நான்தான் போய் தலையைத் தடவி, தோள்ல சாச்சு, "அக்கா இருக்கேன்டி உனக்கு"ன்னேன். அப்படி ஒரு அக்கா யாருக்கும்மா கிடைப்பா?

அதுக்கப்புறம்தான் அவளுக்கு ஏறுமுகம். ஒரு படத்துக்கு ஒரு பாட்டு, ஒரு டான்ஸ். ஹோட்டல்ல ஆடுவா, கொள்ளைக்காரன் கூடாரத்துல ஆடுவா, ராஜா சபையில ஆடுவா. கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இருக்காது. வேற வேஷமே எனக்குக் கிடைக்காதான்னு ஒரு தடவை கேட்டா. "நேரா பாத்து வசனம் பேசுற முகமாடி உனக்கு? கடைக்கண்ணுதான் உனக்குச் சோறு"ன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அந்த அமெரிக்காப் படத்துக்கு பம்பாய்லேருந்து யாரையோ கூட்டிட்டுப் போனாங்க. படம் இங்க வந்தப்போ குஞ்சு பாக்கணும்னா. கூட்டிட்டுப் போகல. எதுக்கு வீணா மனக்கஷ்டம்?

என்ன தம்பி? இந்த சீட்டா? விருந்தினருக்கா? நான் அவங்க அக்கா. ஆமா, வசந்தமாலாவோட அக்கா. நம்பலைன்னா உள்ளே போய்க் கேட்டுட்டு வா. போ, கேட்டுட்டு வா! ...போயிட்டான் பாத்தீங்களா. கேக்கப் போறானோ என்னமோ. கேட்டா அவ என்ன சொல்லுவாளோ.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, அந்த தேவசகாயம் கண்ணுல படுற வரைக்கும். பல வருஷம் கழிச்சு வேற ஏதோ கம்பெனி வேலையா எங்க செட்டுக்கு வந்தாரு. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. குஞ்சுவைப் பாத்து, "ஏம்மா, அன்னைக்கு அவ்வளவு பெரிய சான்ஸை வேண்டாம்னுட்டியே. அந்த டைரக்டர் ஊருக்குப் போற வரைக்கும் உன்னைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு"ன்னாரு. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்துக்கிட்டிருந்தேன். காப்பியெல்லாம் கையில கொட்டிச்சு.

குஞ்சு என்னைத் திரும்பிப் பாத்தா. கத்தல. அழல. "ஏன்கா?"ன்னு கூடக் கேக்கல. கேட்டிருந்தா எடுத்துச் சொல்லியிருப்பேன். செட்டுல யாரையோ கூப்பிட்டு, "அக்காவுக்கு வெளியில ஒரு சேர் போடுங்க"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. "நல்லா நிழலாப் பாத்துப் போடுங்க"ன்னா. அன்னைக்கு சாயங்காலம் வேற வீட்டுக்குப் போயிட்டா. என்கிட்ட அவ கடைசியா பேசினதா? அதையும் என்கிட்ட எங்க பேசினா? சேர் போடுறவன்கிட்டத்தான் பேசினா.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாங்க. ஏணியில ஏறினவ ஏணியை எட்டி உதைச்சா. சரி, உதைச்சுட்டு நல்லாருந்தாளா? அதையும் கேளுங்க. அடுத்த படத்துலேருந்து நேரா பாத்து ஆடினா. காமெராவையே முறைச்சுப் பாத்து ஆடினா. ஜனங்களுக்குப் பிடிக்கல. "வசந்தமாலாகிட்ட அந்தப் பார்வை இல்லையே"ன்னு எழுதிட்டான். தியேட்டர்ல யாரும் எந்திரிச்சு நிக்கல. ரெண்டு மூணு படம், அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ். நான் சொல்லல? என் கை இல்லாம அவ இல்லைன்னு சொன்னேனா இல்லையா? சந்தோஷமா எனக்கு? வயிறு எரியுதும்மா. அத்தனையும் கட்டிக் காத்தவ நான். அப்படியே கொண்டு போய் ஆத்துல கரைச்சுட்டா.

அப்புறம் மைசூர்ல பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக் கொடுத்தாளாம். அதுலயும் ஒரு கோணங்கித்தனம். பாடம் நடக்கும்போது முன்னாடி நிக்க மாட்டாளாம், பிள்ளைகளுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்குவாளாம். "என்னைப் பாக்காதீங்க, சுவரைப் பாத்து ஆடுங்க"ம்பாளாம். வாத்தியாரைப் பாக்காம எந்தப் பிள்ளை ஆடும்? இது ஒரு பாடமா?

கல்யாணமா? எனக்கா? என்னை யாரும்மா கேட்டா? கேட்டாலும் நேரம் எங்க இருந்துச்சு? சரி விடுங்க.

உஷ். வர்றா. திரை தூக்குறான். ஐயோ, தலையெல்லாம் வெள்ளையாகிடுச்சே. சாயம் அடிச்சுக்கக் கூடாதா? நூல் சேலை வேற. விழாவுக்கு வர்ற சேலையா இது? பட்டு இல்லையா வீட்ல? பாருங்க, மூக்கைப் பாருங்க, நான் சொன்னேன்ல. நடை மட்டும் மாறல. நான் சொல்லிக் கொடுத்த நடை. இருக்கட்டும், நான் ஏன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன்னு இப்போ தெரியுதா? மேடையிலேருந்து பாத்தா இது இடக்கைப் பக்கம். தெரிஞ்சுதான் உக்காந்தேன்.

கேள்வி கேக்குறா, மேடையில விழா நடத்துற அந்தப் பொண்ணு. சத்தமா கேட்டாத்தான் என்ன? என்ன கேட்டா? பார்வையா? "அந்தக் கடைக்கண் பார்வையை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" கேட்டுட்டாம்மா! என் வயித்துல பால் வார்த்தா. இப்போ சொல்லித்தான் ஆகணும். சொல்லு குஞ்சு. சொல்லுடி.

"கத்துக்கலைம்மா. எனக்கு இடது பக்கம் ஒருத்தங்க நிப்பாங்க. இன்னும் நிக்கிறாங்களா, போயிட்டாங்களான்னு பாத்துக்கிட்டே ஆடுவேன். ஒரு நாளும் போகல."

சிரிக்கிறாங்க. எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க? சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு? நீங்க ஏம்மா சிரிக்கல? ஒருத்தங்களாம். ஒருத்தங்க! யாரோ வழிப்போக்கியைச் சொல்ற மாதிரி. ஆனா பாத்தீங்களா, ஒரு நாளும் போகலைன்னு சொன்னாளே. அதைச் சொன்னாளே! நூத்தி மூணு காய்ச்சல்ல கூட நான் போகல. அது அவளுக்கு மறக்கல. உள்ளுக்குள்ள இருக்கும்மா, பாசம் இல்லாம எங்க போகும்? வாயிலதான் வர மாட்டேங்குது.

வர வைக்கிறேன். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. கையைக் கொடுங்கம்மா, எந்திரிச்சு நிக்கிறேன். பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைச்சா மறைக்கட்டும். மறைக்காம ஓரத்துலயே நின்னு நின்னுதானே இந்தக் கதி.

குஞ்சு! இங்க! இந்தப் பக்கம்!

பாத்துட்டா. என்னைப் பாத்துட்டாம்மா. அதே பார்வை! அப்படியே திரும்புது பாருங்க, ஒரு இழை மாறல. ஜனங்க கை தட்டுறாங்க கேளுங்க. இத்தனை வருஷமா எவனுக்கும் காட்டாத பார்வை. இருங்க, மூக்குத்தியைத் தொடுறேன்... சிரிச்சா! பாத்தீங்களா? சிரிச்சிட்டா! சினிமாவுல வந்த அதே சிரிப்பு! நான் சொல்லல, என் கைக்கு அவ கட்டுப்பட்டவன்னு?

எதுக்கு மைக்கைக் கீழே வச்சுட்டா? பேசச் சொல்லுங்களேன். ஏன் எல்லாரும் ஓடுறாங்க அவகிட்ட?

அடடா, கை நடுங்குது பாருங்க. உடம்பெல்லாம் நடுங்குது. யாருப்பா அங்க, இந்த ஏசியைக் குறைங்க! என் பையில சால்வை இருக்கும்மா, எடுங்க, சீக்கிரம் எடுங்க. நான் போய்ப் போத்தி விடணும். எங்க குஞ்சுவுக்குக் குளிர் ஆகாது.